அழுத்தச் சொல்லிப் பழக்கியது யார்?

குவாஹாட்டியைச் சேர்ந்த ஒருவர் 2021-இல் இணையம் வழியாக ஒரு கோட் வாங்கினார். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க நினைத்தார். அந்த ஆடை நிறுவனத்தின் கஸ்டமர் கேரிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு அழைப்பு வந்தது. அழைத்தவர் ஒரு செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். இவரும் ஏற்றினார். ஸ்டேட் வங்கிக் கணக்கிலிருந்து 94,204 ரூபாய் பறிபோனது. இவர் ஒரு பொருளைத் திருப்பித் தர விரும்புகிறார் என்பது அழைத்தவனுக்கு எப்படித் தெரிந்தது? கடையின் இணையதளத்தில் ஊடுருவல் நடந்து, வாடிக்கையாளர் தகவல்கள் வெளியே போயிருந்தன.

இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பைப் பிறகு பார்ப்போம். இதுபோன்ற செய்தியைப் படித்ததும் 'படித்தவர் இப்படியா ஏமாறுவார்?' என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவது நம் வழக்கம். அரசும் வங்கிகளும் கிட்டத்தட்ட அதே தொனியில்தான் பேசுகின்றன. 'விழிப்புடன் இருங்கள், சந்தேகத்துக்குரிய இணைப்புகளை அழுத்தாதீர்கள்.' 2025-இன் முதல் பாதியில், அவசரத்துக்கு மருத்துவரை அழைத்தால்கூட இந்த எச்சரிக்கையைக் கேட்டு முடித்த பிறகுதான் மணியடித்தது. ஆனால், சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 2023-இல் சுமார் 7,465 கோடி ரூபாய்; 2024-இல் சுமார் 22,845 கோடி. மக்களவையில் அரசே தந்த கணக்கு இது. எல்லா வகை மோசடிகளும் சேர்ந்த தொகைதான் என்றாலும், ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இதே காலத்தில் மக்களின் விழிப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துபோனது என்று யாராவது சொல்ல முடியுமா?

இணையக் கடைகளின் பெயரால் வரும் போலி மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் மக்கள் சிக்குவதற்கு அவர்களின் அறியாமை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், உண்மையான கடைகள் அனுப்பும் அஞ்சல்களும் அதே அச்சில் இருப்பது. இணைப்பைக் கண்டதும் அழுத்து, கெடு முடிவதற்குள் அழுத்து, யார் அனுப்பினார்கள் என்று பார்க்காமல் அழுத்து என்று நம் விரலைப் பழக்கியவை நேர்மையான நிறுவனங்களே. மோசடிக்காரன் அந்தப் பழக்கத்தை அறுவடை செய்கிறான்.

முதலில் அவனுடைய சரக்கைப் பார்ப்போம். 'உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது. இருமுறை டெலிவரி செய்ய முயன்றோம். முகவரி முழுமையாக இல்லை. 24 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பப்படும்.' இந்திய அஞ்சல் துறையின் பெயரில் இது பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. துறை இப்படியெல்லாம் செய்தி அனுப்புவதில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுப்பு வெளியிட்ட பிறகும் ஓயவில்லை. இணைப்பை அழுத்தினால் அஞ்சல் துறையின் சிவப்பும் மஞ்சளும் கொண்ட பக்கம் திறக்கும். மறு டெலிவரிக்கு இருபதோ முப்பதோ ரூபாய் கேட்கும். தொகை சின்னதாக இருப்பதில்தான் சூட்சுமம். முப்பது ரூபாய்க்கு யாரும் யோசிப்பதில்லை. அவனுக்கும் அந்த முப்பது ரூபாய் தேவையில்லை. அதைக் கட்டுவதற்காக நாம் தட்டச்சு செய்யும் கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்க மூன்று இலக்கங்கள், ஓடிபி ஆகியவைதான் தேவை.

இன்னொரு வகை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. 'நீங்கள் 64,999 ரூபாய்க்கு ஆர்டர் செய்த போன் இன்று அனுப்பப்படுகிறது. இதை நீங்கள் ஆர்டர் செய்யவில்லையென்றால் உடனே கீழ்க்கண்ட எண்ணை அழையுங்கள்.' இதில் இணைப்பே கிடையாது. பரிசு, தள்ளுபடி என்ற ஆசையும் கிடையாது. எனவே 'இணைப்பை அழுத்தாதே' என்று படித்தவரும், 'பேராசைப்படாதே' என்று படித்தவரும் இதில் சிக்குவார்கள். மின்னஞ்சல் நிறுவனங்களின் வடிகட்டிகள் பெரும்பாலும் கெட்ட இணைப்புகளையும் கோப்புகளையும் தேடுபவை. வெறும் போன் எண் அவற்றின் கண்ணில் எளிதில் படாது. பதறி அழைப்பவர் நாம். நாமே அழைத்ததால், எதிர்முனையில் இருப்பவர் யார் என்ற சந்தேகம் நமக்கு எழுவதில்லை. ஆர்டரை ரத்து செய்வதற்காக என்று அவர் ஏற்றச் சொல்லும் செயலி, நம் போன் திரையை அவர் கையில் கொடுத்துவிடும்.

தீபாவளிக்கு முன்பு தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு வகை தலைதூக்கும். சிவகாசிப் பட்டாசு பாதி விலையில், வீடு தேடி வரும் என்ற விளம்பரமும் அதற்கேற்ற போலிக் கடையும். மாநில சைபர் குற்றப் பிரிவு இதைப் பற்றி எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது. இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே இங்கே தளம் அசலா போலியா என்று ஆராயவே வேண்டியதில்லை.

மற்றவற்றில் ஆராய வேண்டியிருக்கிறது. அதற்காக நமக்குக் கொடுக்கப்பட்ட கருவிகளோ துருப்பிடித்தவை. எழுத்துப்பிழை இருந்தால் போலி என்பது பழைய பாடம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012-இல் சுவையான ஒரு வாதத்தை வைத்தார். பெருந்தொகை தருவதாகச் சொல்லும் நைஜீரியக் கடிதங்கள் நம்பவே முடியாத கதையைச் சொல்வது முட்டாள்தனத்தால் அல்ல. சந்தேகப்படுபவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிட்டால், மிச்சமிருப்பவர்கள்மேல் மட்டும் நேரத்தைச் செலவிடலாம் என்ற கணக்கு அது என்றார். கடைகளின் பெயரால் வரும் போலி அஞ்சலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே பேரம் பேசிக் காலம் கழிக்க வேண்டியதில்லை, ஒரே அழுத்தலில் காரியம் முடிந்துவிடும். எனவே அது அசலைப் போலவே இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு பிழையில்லாத ஆங்கிலம் மட்டுமல்ல, படிக்கத்தக்க தமிழும் இலவசமாகக் கிடைக்கிறது. சொல்லப்போனால், சில பெரிய நிறுவனங்கள் இயந்திர மொழிபெயர்ப்பில் அனுப்பும் தமிழ் அறிவிப்புகளைவிட மோசடிக்காரனின் தமிழ் நன்றாக இருக்கக்கூடும்.

பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்பது இரண்டாவது பாடம். நமக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை மூன்றாமவர் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அந்தப் பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் திருடனா வணிகனா என்று அது சொல்லாது. அதற்கான சான்றிதழ் இப்போது யாருக்கும் இலவசமாகக் கிடைப்பதால், போலித் தளங்களிலும் பூட்டு இருக்கிறது. கூகுள் தன் குரோம் உலாவியிலிருந்து அந்தப் பூட்டையே 2023 செப்டம்பரில் எடுத்துவிட்டது. அதைப் பார்த்து நிம்மதி அடையச் சொல்லும் துண்டறிக்கைகள் மட்டும் இன்னும் ஒட்டப்பட்டிருக்கின்றன.

அனுப்புநர் பெயரைப் பாருங்கள் என்பது மூன்றாவது. தபால் உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரியாக யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? 1982-இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிமுறையும் அப்படித்தான். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள் பயன்படுத்திய வலைப்பின்னலில் அனுப்புநரைச் சரிபார்க்க வேண்டிய தேவை அன்று இருக்கவில்லை. சரிபார்க்கும் ஏற்பாடுகள் பிற்பாடு ஒட்டுப்போடப்பட்டவை. மொத்தமாக அஞ்சல் அனுப்பும் நிறுவனங்கள் அவற்றைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில்தான் கண்டிப்புக் காட்டின. இதனால் உண்மையான கடையின் முகவரியிலிருந்தே வருவதுபோல் ஏய்ப்பது கடினமாகியிருக்கிறது. ஆனால் கடையின் பெயரோடு 'சப்போர்ட்', 'ஆர்டர்', 'ரீஃபண்ட்' என்று ஏதாவது ஒட்டி ஒரு புது டொமைனைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டால், அது எல்லாச் சோதனைகளிலும் முறைப்படி தேறிவிடும்.

அப்படியானால் முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாமே? கற்றுக்கொள்ளலாம். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு இடப்புறம் ஒட்டி இருக்கும் பகுதியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். 'டாட் காம்' அல்லது 'டாட் இன்' என்பதற்கு நேர் முன்னால் இருக்கும் சொல்தான் தளத்தின் உரிமையாளரைக் காட்டும். அதற்கும் முன்னால் பிரபலக் கடையின் பெயர் எத்தனை முறை வந்தாலும் மதிப்பில்லை. முடிவு 'டாட் கோ டாட் இன்' என்றிருந்தால் இன்னும் ஒரு படி இடப்புறம் போக வேண்டும். சிறிய எல் எழுத்துக்குப் பதில் ஒன்று என்ற எண், ஆங்கில ஏ-க்குப் பதில் அச்சு அசலாக அதேபோல் இருக்கும் ரஷ்ய எழுத்து ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். இத்தனையையும், முகவரியின் பாதியை மறைத்துக் காட்டும் ஆறு அங்குலத் திரையில், ஓடும் பேருந்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். 2006-இல் ரச்னா தமிஜாவும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஒரு சோதனையில் 22 பேரிடம் அசலும் போலியுமாக 20 தளங்களைக் காட்டினார்கள். போலி இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தும், மிகத் திறமையாகச் செய்யப்பட்ட ஒரு போலித் தளம் 90 விழுக்காட்டினரை ஏமாற்றியது. ஏறத்தாழ கால்வாசிப் பேர் முகவரிப் பட்டையையே பார்க்கவில்லை. மேசைக் கணினியில், அவசரமில்லாமல், சோதனை என்று தெரிந்த நிலையில் கிடைத்த முடிவு இது.

இப்போது நேர்மையான கடைகளின் அஞ்சலுக்கு வருவோம். உங்கள் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து, நீங்கள் உண்மையிலேயே பொருள் வாங்கும் கடைகளிலிருந்து வந்தவற்றைப் பாருங்கள். 'இன்னும் மூன்று மணி நேரமே!' 'உங்கள் கூப்பன் இன்றிரவு காலாவதி!' 'உடனே உறுதிசெய்யுங்கள்!' போலி அஞ்சலின் அடையாளம் என்று காவல் துறை சொல்லும் அவசரம் இங்கே வணிக உத்தி. இணைப்பின்மேல் விரலை வைத்து நீளமாக அழுத்தினால் தெரியும் முகவரி கடையுடையதாக இருக்காது. யார் எப்போது அழுத்தினார்கள் என்று எண்ணிச் சொல்லும் ஏதோ ஒரு விளம்பர நிறுவனத்தின் டொமைன், அதன் பின்னால் இரண்டு வரிக்கு நீளும் பொருளற்ற எழுத்துகள். கூரியர் நிறுவனத்திடமிருந்து வரும் குறுஞ்செய்தியில் சுருக்கப்பட்ட இணைப்பு. பணம் கட்டும் பக்கம் வேறொரு பெயரில். குறை சொல்லலாம் என்று பதில் எழுதினால், 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்பாதீர்கள்'. மோசடியை அடையாளம் காணும் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் கடைகளே வாரம் இரண்டு முறை செய்கின்றன.

இதில் வேடிக்கையின் உச்சம் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம். 2013 நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை, பண்டிகைக் கால விற்பனை உச்சத்தில் இருந்தபோது, அந்தக் கடைகளிலிருந்து 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடப்பட்டன. 7 கோடிப் பேரின் பெயர், முகவரி போன்றவையும் போயின. ஊடுருவியவர்கள் உள்ளே வந்த வழி, அந்நிறுவனத்துக்குக் குளிர்சாதன வேலை செய்த ஒப்பந்ததாரர். அவருடைய நிறுவனத்துக்குப் போன தூண்டில் மின்னஞ்சல்தான் முதல் கதவைத் திறந்தது என்று பின்னர் வெளிவந்தது. இதற்குப் பரிகாரமாக டார்கெட் தன் வாடிக்கையாளர்களுக்கு 2014 ஜனவரியில் அஞ்சல் அனுப்பியது. அனுப்பிய முகவரி டார்கெட்டின் சொந்த டொமைனில் இல்லை; யாரும் கேள்விப்பட்டிராத ஒரு விளம்பர அஞ்சல் டொமைனில் இருந்தது. ஏற்கெனவே மிரண்டுபோயிருந்த வாடிக்கையாளர்கள் அதைப் போலி என்று எண்ணினார்கள். அது உண்மையான அஞ்சல்தான் என்று நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, தகவல் களவுக்கு ஆளான ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு புதுத் தளத்தைத் திறந்தது. அதன் பெயர் எவ்வளவு எளிதில் குழப்பும் என்று காட்ட ஒரு மென்பொருளாளர் சொற்களை முன்பின்னாக மாற்றி ஒரு போலித் தளத்தை உருவாக்கினார். ஈக்விஃபேக்ஸின் சொந்த ட்விட்டர் கணக்கே அந்தப் போலி முகவரியை வாடிக்கையாளர்களுக்குப் பலமுறை அனுப்பிவைத்தது. தன் வாசல் எது என்று கடைக்காரருக்கே தெரியாதபோது, வாங்க வந்தவரை எப்படிக் குறைசொல்வது?

வேறு வழி இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரால் வந்த குறுஞ்செய்திகளில் ஏமாந்து ஏறத்தாழ 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். போலிச் செய்திகள், வங்கியின் உண்மையான செய்திகள் வரிசையாக இருக்கும் அதே இழையில் போய் உட்கார்ந்துகொண்டன. வங்கி, இழந்தவர்களுக்கு முழுத் தொகையையும் நல்லெண்ண அடிப்படையில் திருப்பித் தந்தது. அடுத்த மாதமே அந்நாட்டு நாணய ஆணையம், சில்லறை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அழுத்தக்கூடிய இணைப்பே இருக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதன் பலன் எளிமையானது: வங்கியின் பெயரில் ஒரு இணைப்பு வந்தால் அது போலி. முகவரியைப் பின்னோக்கிப் படிக்கவோ, ரஷ்ய எழுத்தைத் தேடவோ வேண்டியதில்லை. எழுபது வயதுப் பாட்டியாலும் கடைப்பிடிக்க முடிகிற விதி.

இந்தியாவிலும் அரைகுறையாகச் சில நடந்திருக்கின்றன. முன்கூட்டிப் பதிவுசெய்யாத இணைப்புகள் உள்ள வணிகக் குறுஞ்செய்திகளை 2024 அக்டோபர் முதல் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்க வேண்டும் என்றது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். வங்கிகள் அனைத்தும் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் தனி முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. இரண்டும் நல்லவை. ஆனால் இணையக் கடைகளின் மின்னஞ்சலுக்கு இப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. குறுஞ்செய்தியில் கதவை அடைத்தால் அதே செய்தி மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடுகிறது. ஆர்டர், டெலிவரி, ரீஃபண்ட் தொடர்பான எந்த அஞ்சலிலும் இணைப்பு கூடாது, 'எங்கள் செயலியைத் திறந்து பாருங்கள்' என்ற வரி போதும் என்று விதிப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் ஏதுமில்லை. சிக்கல் வணிகத்தில் இருக்கிறது. இணைப்பை எடுத்தால் அழுத்துவோர் எண்ணிக்கை குறையும். அழுத்துவோர் எண்ணிக்கையை வைத்துத்தான் விளம்பரப் பிரிவின் ஊக்கத்தொகை.

அதுவரை வாங்குபவர் செய்ய வேண்டியது, சிங்கப்பூர் வங்கிகளுக்குப் போட்ட விதியைத் தனக்குத் தானே போட்டுக்கொள்வது. அஞ்சல் உண்மையா போலியா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையையே விட்டுவிடலாம். ஆர்டர் பற்றி எது வந்தாலும், அந்த அஞ்சலின் வழியாகப் போகாமல், போனில் ஏற்கெனவே இருக்கும் கடையின் செயலியைத் திறந்து 'என் ஆர்டர்கள்' பகுதியைப் பார்த்தால் போதும். சிக்கல் உண்மையென்றால் அது அங்கேயும் இருக்கும். கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுபொறியில் தேடுவதும் ஆபத்து. போலி எண்களை அங்கே விளம்பரமாகவும் விமர்சனமாகவும் விதைத்து வைத்திருக்கிறார்கள். எண்ணையும் செயலிக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். பணம் திரும்ப வருவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் போட வேண்டிய அவசியம் எந்தக் கட்டத்திலும் கிடையாது. அந்த எண்ணைக் கேட்டால் பணம் போகிறது என்று பொருள். இணையத்தில் வாங்குவதற்கென்று குறைந்த தொகை மட்டும் வைத்திருக்கும் ஒரு தனிக் கணக்கு பயனுள்ளது. சேமிப்பு முழுவதையும் யுபிஐ-யோடு இணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

சிக்கிக்கொண்டால் வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்துக்குக் கேடு. பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மிலோ கிரிப்டோவிலோ மறைவதற்குள் முடக்கினால்தான் உண்டு. அதற்கான எண் 1930. கூடவே வங்கிக்கும் எழுத்தில் புகார். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை இங்கே முக்கியம். தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் வேறெங்கோ நிகழ்ந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. ஆனால் ரகசிய எண்ணைப் பகிர்வது போன்ற கவனக்குறைவு என்றால், புகார் செய்யும் வரையிலான இழப்பு முழுவதும் அவர் தலையில். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் கடமை வங்கியுடையது என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. வங்கிகள் கவனக்குறைவு பற்றிய வரியை மனப்பாடம் செய்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடுகின்றன.

குவாஹாட்டிக்காரர் 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குத் தெரிவித்திருந்தார். ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை என்றார். பகிராமல் பணம் போயிருக்காது என்றது வங்கி. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு வங்கியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இத்தகைய பரிமாற்றங்களைக் கண்டறிந்து தடுக்க இன்றைய தொழில்நுட்பம் வங்கிகளிடம் இருக்கிறது, பொறுப்பிலிருந்து அவை நழுவ முடியாது என்பது அந்த உத்தரவின் சாரம். 94,204 ரூபாய்க்காக மூன்று ஆண்டுகளுக்கும் மேல் உச்ச நீதிமன்றம் வரை போராட எத்தனை பேரால் முடியும்? பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்குக்கூட 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி. கள்ளக் கணக்குகளைக் கண்காணிக்கும் அக்கறை, அவற்றால் தன் பணம் போகும்போதுதான் ஒரு வங்கிக்கு வரும்.

இந்த ஏற்பாட்டில் முற்றிலும் தப்பித்துக்கொள்பவர் கடைக்காரர். தகவலைக் கசியவிட்டவர் அவர்தானே? பிக்பாஸ்கெட் வாடிக்கையாளர்கள் சுமார் 2 கோடிப் பேரின் தகவல்கள் விற்பனைக்கு வந்ததாக 2020 நவம்பரில் செய்தி வந்தது. 2021-இல் டோமினோஸ் இந்தியாவின் 18 கோடி ஆர்டர்களின் விவரங்கள் வெளியே வந்தன. பாதுகாப்புச் சம்பவம் நடந்ததை ஒப்புக்கொண்ட நிறுவனம், பணம் தொடர்பான தகவல் போகவில்லை என்று ஆறுதல் சொன்னது. பெயர், போன் எண், வீட்டு முகவரி, என்ன வாங்கினோம் என்பதெல்லாம் கையில் இருந்தால் மீதியை வாடிக்கையாளரே சொல்லிவிடுவார் என்பது மோசடிக்காரனுக்குத் தெரியும்.

தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர ஒன்றரை ஆண்டு அவகாசம் கொடுக்கப்பட்டது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தக் கடமைகளில் ஒன்று. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, 'உங்கள் தகவல் கசிந்துவிட்டது, உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்' என்ற அஞ்சல்கள் கடைகளிடமிருந்து கோடிக்கணக்கில் வரப்போகின்றன. அதே வாசகத்துடன் மோசடிக்காரர்களிடமிருந்தும் வரும். வாடிக்கையாளரின் கணக்குப் பக்கத்துக்குள்ளோ, அவர் பதிந்துவைத்த மின்னஞ்சல், போன் போன்ற வேறு வழியிலோ தெரிவிக்கலாம் என்று விதி இரண்டு வழிகளையும் அனுமதிக்கிறது. மத்திய அரசு இப்போதே விதியைத் திருத்தி முதல் வழியைக் கட்டாயமாக்கலாம், அஞ்சலில் இணைப்பு வைக்கத் தடை போடலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு விதித் திருத்தம் போதும்.